முழங்காலுக்கு இனம் இல்லை, அளவு உண்டு

(மக்கள் நலவாழ்வு குறித்த கருத்தரங்கில் எலும்பு மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாதி ஒழிப்பைப் பற்றிப் பேசுகிற மேடையில் முட்டி வலிக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். இரண்டு காரணங்களுக்காக இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன். நம் வீடுகளில் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களில் முட்டி வலி இல்லாதவர்களை எண்ணிவிடலாம் என்பது முதல் காரணம். இரண்டாவது காரணம், இன்று மருத்துவமனை விளம்பரங்களில் வருகிற ஒரு சொல்: ‘இந்திய முழங்கால்’. இந்தியர்களுக்கென்றே வடிவமைக்கப்பட்டது, ஆசிய உடலமைப்புக்கு ஏற்றது என்று சொல்லி செயற்கை மூட்டுகள் விற்கப்படுகின்றன. எலும்பை அளந்து மனிதர்களை வகை பிரிக்கும் பேச்சு எங்கே எழுந்தாலும் நம் காது கொஞ்சம் விடைக்க வேண்டும். அந்த அளவுகோலால் அடிபட்ட வரலாறு நமக்கு இருக்கிறது.

அதற்காக, அளவு பேசுவதெல்லாம் இனவாதம் என்று தள்ளிவிடவும் முடியாது. அப்படித் தள்ளினால் வலியோடு வீடு திரும்பப் போவது நம் அம்மாக்கள்தான். அதனால் இதைப் பொறுமையாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் அந்த அறுவை சிகிச்சை என்னவென்று சொல்கிறேன். நம் முழங்காலில் தொடை எலும்பின் கீழ்முனையும் கீழ்க்கால் எலும்பின் மேல்முனையும் சந்திக்கின்றன. முன்னால் சில்லு இருக்கிறது. இந்த எலும்பு முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. அது தேய்ந்துபோனால் எலும்பும் எலும்பும் உரசும். வலி, வீக்கம், கால் வளைவு எல்லாம் வரும். முற்றிய நிலையில், தேய்ந்த முனைகளைச் சில மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவி எடுத்துவிட்டு, தொடை எலும்பின் முனைக்கு ஓர் உலோக உறையும், கீழே ஓர் உலோகத் தட்டும், இரண்டுக்கும் நடுவே பாலிஎத்திலீன் தகடு ஒன்றும் வைக்கிறோம். முழங்காலையே அறுத்து எடுத்துவிடுவார்களோ என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி அல்ல. பல்லுக்குத் தொப்பி போடுவது போன்ற வேலை இது. தசையும் பக்கவாட்டு நாண்களும் உங்களுடையவை, அப்படியே இருக்கும்.

இன்று உலகம் முழுவதும் பயன்படுகிற மூட்டுகளுக்கு முன்னோடி, 1974-ல் நியூயார்க் நகரத்தின் சிறப்பு அறுவை சிகிச்சை மருத்துவமனையில் ஜான் இன்சாலும் அவருடைய கூட்டாளிகளும் பொருத்தத் தொடங்கிய மூட்டு. அடுத்த பத்தாண்டுகளில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வடிவமைப்புகள் பெருகின. வடிவமைத்தவர்கள் தங்கள் முன்னால் இருந்த நோயாளிகளின் எலும்பைப் பார்த்து அளவுகளை வைத்தார்கள். இதில் சதி எதுவும் இல்லை. ஆனால், தன் முன்னால் இருப்பவரை உலக மனிதர் என்று எடுத்துக்கொள்கிற பழக்கம் அதில் இருந்தது. அந்தப் பழக்கத்தின் விலையைப் பிறகு வேறு ஊர்க்காரர்கள் கொடுத்தார்கள்.

எப்படி என்று பார்ப்போம். செருப்பு வாங்கும்போது நீளத்தைப் பார்த்து ஏழு, எட்டு என்று எடுக்கிறோம். அகலத்தைக் கடைக்காரர் கேட்பதில்லை, கம்பெனி முடிவு செய்திருக்கும். செயற்கை மூட்டும் ஏறத்தாழ அப்படித்தான். தொடை எலும்பின் முனையை முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை அளந்து சைஸ் தேர்வு செய்கிறோம். அந்த சைஸுக்கு எவ்வளவு குறுக்ககலம் என்பது தொழிற்சாலையிலேயே தீர்மானமாகிவிடுகிறது. ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். ஓர் அம்மாவின் எலும்பு முன்பின்னாக 56 மி.மீ., குறுக்கே 61 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 56 மி.மீ.க்கான கருவி குறுக்கே 65 மி.மீ. இருந்தால் நான்கு மில்லிமீட்டர் உலோகம் எலும்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நீட்டல் வேண்டாமென்று ஒரு சைஸ் குறைத்தால் முன்பின் அளவு போதாமல் போகும். முழங்காலை மடக்கும்போது மூட்டு தளர்ந்து ஆடும். ஒன்றைச் சரி செய்தால் மற்றொன்று கெடுகிறது.

நான்கு மில்லிமீட்டர் ஒரு பெரிய விஷயமா என்று கேட்கலாம். அந்த இடத்தில் தசைநாண்களும் மூட்டைச் சுற்றிய உறையும் எலும்பை ஒட்டிக்கொண்டு ஓடுகின்றன. ஒவ்வோர் அடிக்கும் அவை அந்த உலோக விளிம்பில் உரசும். 2010-ல் மஹோனி, கின்சி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இதை அளந்து வெளியிட்டார்கள். தொடை எலும்பு உறை 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் வெளியே நீட்டியிருந்தவர்களுக்கு, இரண்டு ஆண்டுகள் கழித்தும் தொந்தரவான வலி இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. அவர்கள் பார்த்த பெண்களில் 68 விழுக்காட்டினருக்கும், ஆண்களில் 40 விழுக்காட்டினருக்கும் ஓர் இடத்திலாவது அந்த அளவு நீட்டல் இருந்தது. கவனியுங்கள், இது அமெரிக்க நோயாளிகளின் கணக்கு. அமெரிக்கப் பெண்களுக்கே சட்டை பெரிதாக இருந்தது.

கீழே இருக்கும் தட்டுக்கும் இதே கதைதான். அது பெரிதானால் உட்பக்க நாணையோ பின்பக்க நாணையோ இடிக்கும். சிறிதானால் எலும்பின் உறுதியான விளிம்பில் உட்காராமல் நடுவிலுள்ள மென்மையான பகுதியில் உட்காரும், நாளடைவில் அமிழ்ந்துபோகும். தொடை உறை முன்பின்னாகப் பெரிதாகிவிட்டால் மடக்கும் இடம் இறுகி, கால் முழுதாக மடங்காது. சில்லு மெல்லியதாக இருந்தால் அதைச் சீவிப் பிளாஸ்டிக் வைக்கும்போது மிஞ்சுகிற எலும்பு உடையும் ஆபத்து உண்டு.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். 2000-ஆம் ஆண்டில், இந்திய நோயாளிகளின் முழங்கால்களை சி.டி. ஸ்கேன் மூலம் அளந்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. அப்போது சந்தையில் கிடைத்த மிகச் சிறிய தொடை உறையைவிடப் பல பெண்களின் எலும்பு சிறியதாக இருந்தது. சிறிய சைஸ் என்று எதைக் கொடுத்தாலும் அவர்களுக்குப் பெரிது என்று இதற்குப் பொருள். தைவானிலும் சீனாவிலும் தொடர்ந்து வந்த ஆய்வுகளும், மேற்கத்திய அளவுகள் அங்குள்ள பலருக்குப் பொருந்தவில்லை என்றே சொல்லின. சராசரியில் எலும்பு சிறியது, பெண்களுக்கு முன்பின் அளவோடு ஒப்பிட்டால் குறுக்ககலம் இன்னும் குறைவு என்று கண்டார்கள்.

ஆகவே, அறிவியல் பொதுவானது, மூட்டும் எல்லோருக்கும் பொதுவானது என்று யாராவது சொன்னால் நாம் ஒப்புக்கொள்ளக் கூடாது. அறிவியல் பொதுவாக இருக்கலாம். சைஸ் பட்டியல் பொதுவாக இல்லை. யாருடைய உடல் அளக்கப்படவில்லையோ அவருடைய உடல்தான் வலியைச் சுமக்கிறது. இந்த நியாயத்தை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. யார் கணக்கெடுப்பில் இல்லையோ அவருக்குத் திட்டத்திலும் பங்கில்லை என்பதை வாழ்ந்து பார்த்தவர்கள் நாம்.

இதுவரை எல்லாம் சரி. சிக்கல் இதற்கு அடுத்த அடியில் வருகிறது. ‘அளவுகள் போதவில்லை’ என்ற உண்மையிலிருந்து ‘இனத்துக்கு இனம் முழங்கால் வேறு’ என்று ஒரே தாவாகத் தாவுகிறார்கள். இந்தத் தாவலைத்தான் நான் கேள்வி கேட்கிறேன்.

முழங்கால் எலும்பின் அளவை முதலில் தீர்மானிப்பவை உயரமும் பாலும். நூற்றைம்பது சென்டிமீட்டர் உயரமுள்ள தஞ்சாவூர்ப் பெண்ணையும், அதே உயரமுள்ள போர்ச்சுகல் பெண்ணையும், தஞ்சாவூர்ப் பெண்ணின் ஆறடி உயரத் தம்பியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள். அறுவை அரங்கில் அந்த இரண்டு பெண்களுக்கும் ஒரே பெட்டியிலிருந்து மூட்டு எடுக்க வாய்ப்பு அதிகம். அக்காவின் மூட்டு தம்பிக்குப் பொருந்தாது. ஒரு மக்கள் கூட்டத்துக்குள் இருக்கும் வேறுபாடு, இரண்டு கூட்டங்களின் சராசரிகளுக்கு இடையிலான வேறுபாட்டைவிடப் பெரியது. உயரத்தைக் கணக்கில் எடுத்த பிறகும் வடிவத்தில் சிறு வேறுபாடு மிஞ்சுவதாகச் சொல்லும் ஆய்வுகளும் இருக்கின்றன. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதுவும் சராசரிதான். மேசையில் படுத்திருப்பவர் சராசரி அல்ல, ஒரு மனிதர். அவருடைய எலும்பை நேரடியாக அளக்க முடிகிறபோது அவருடைய இனத்தைக் கேட்டு ஊகிக்க வேண்டிய தேவை எங்கே வந்தது?

மரபணுவிலும் இதே பாடம்தான். 1972-ல் ரிச்சர்ட் லெவோன்டின் கணக்குப் போட்டுக் காட்டினார். மனிதர்களுக்கிடையேயான மரபு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒரே மக்கள் கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. இனங்கள் என்று பிரிக்கப்பட்டவற்றுக்கு இடையே இருப்பது ஆறு விழுக்காட்டுக்குச் சற்று மேல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எலும்பின் அளவு இரத்தத்தில் எழுதி வைத்த மாறாத விதி அல்ல. தென் கொரியாவில் 1896-ல் பிறந்த பெண்களோடு ஒப்பிட்டால் 1996-ல் பிறந்த பெண்கள் சராசரியாக 20.2 செ.மீ. உயரம் கூடியிருக்கிறார்கள். உலகிலேயே மிக அதிக வளர்ச்சி இது. ஈரான் ஆண்கள் அதே நூறாண்டில் 16.5 செ.மீ. வளர்ந்தார்கள். நூறாண்டில் கொரியர்களின் இனம் மாறவில்லை. சோறு மாறியது, பால் கிடைத்தது, குழந்தைப் பருவ நோய்கள் குறைந்தன. கொரியப் பாட்டிக்குப் பொருந்தும் மூட்டும் பேத்திக்குப் பொருந்தும் மூட்டும் ஒரே சைஸ் அல்ல. ‘கொரிய முழங்கால்’ என்று நீங்கள் எதைச் செய்து விற்பீர்கள்?

நம் நாட்டில் 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். பட்டியல் சாதி, பழங்குடிக் குழந்தைகளிடம் இந்த விழுக்காடு மற்றவர்களைவிட அதிகம். அந்தக் குழந்தைக்கு அறுபது வயதாகும்போது முழங்கால் எலும்பு சிறியதாக இருக்கும். அன்றைக்கு ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்து, ‘இது இந்திய உடலமைப்பு’ என்று சொன்னால் அது பாதி உண்மை. மறுபாதி அந்தக் குழந்தைக்குக் கிடைக்காத முட்டையும் பருப்பும், சுத்தமான குடிநீரும். பசியின் அளவை இனத்தின் அளவு என்று எழுதுவதை நாம் அனுமதிக்கக் கூடாது.

இப்படி எழுதிய வரலாறு இங்கே உண்டு, தோழர்களே. 1901 கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கின் அகலத்தை நீளத்தோடு ஒப்பிட்டு ‘மூக்குக் குறியெண்’ என்று கணக்கிட்டார். மூக்கு கூர்மையாக இருந்தால் சாதி உயர்ந்தது, அகலமாக இருந்தால் தாழ்ந்தது என்று ஒரு விதியே வகுத்தார். நம்முடைய சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனும் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்களைப் பிடித்துப் பிடித்து அளந்தார். 1909-ல் ஏழு தொகுதிகளாக வந்த அவருடைய தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூலில் அந்த அளவுகள் ஏறியிருக்கின்றன. சாதி என்பது சமூகம் செய்த ஏற்பாடு என்பதை எலும்பில் எழுதிய இயற்கை என்று மாற்றிக் காட்டுகிற முயற்சி அது.

இதற்கு அண்ணல் அம்பேத்கர் பதில் சொன்ன விதத்தை நாம் கவனிக்க வேண்டும். அவர் அளவுகளைக் கண்டு ஓடவில்லை. 1936-ல் ‘சாதி ஒழிப்பு’ நூலிலேயே, பஞ்சாபின் பிராமணரும் பஞ்சாபின் தீண்டப்படாதவரும் ஒரே இன வழியினர், சென்னையின் பிராமணரும் சென்னையின் தீண்டப்படாதவரும் அப்படியே என்ற கருத்தை வைத்தார். 1948-ல் ‘தீண்டப்படாதவர்கள்’ நூலில், குர்யே தொகுத்த மூக்கு அளவுகளையே எடுத்து மேசையில் பரப்பினார். நீங்கள் அளந்த அளவுகளே உங்கள் கதைக்கு ஒத்துவரவில்லையே என்று காட்டினார். பிராமணரும் தீண்டப்படாதவரும் வேறு வேறு இனம் என்ற கதை, அளந்தவர்களின் எண்களிலேயே உடைந்தது. இதில் நமக்கு வழி இருக்கிறது. அளவை எதிர்க்க வேண்டாம். அளவை வைத்துக் கட்டப்படும் கதையைச் சோதிக்க வேண்டும்.

அமெரிக்காவில் பிரான்ஸ் போவாஸ், குடியேறியவர்களின் பிள்ளைகளை அளந்தார். இனத்தின் மாறாத அடையாளம் என்று சொல்லப்பட்ட மண்டையோட்டு வடிவம்கூட அங்கே பிறந்த பிள்ளைகளிடம் மாறியிருந்தது.

இப்போது சந்தைக்கு வருவோம். ரிஸ்லி, தர்ஸ்டன் வேலையை இன்று அரசாங்கம் செய்வதில்லை. விளம்பரத் துறை செய்கிறது. 2006-ல் ஜிம்மர் நிறுவனம் பெண்களுக்கென்றே தனி முழங்கால் ஒன்றை அமெரிக்காவில் அறிமுகப்படுத்தியது. பெண்களை நோக்கி நேரடியாக விளம்பரம் செய்தார்கள். பெண்ணின் எலும்பு குறுகலானது என்பது உண்மை. ஆனால் தனி மூட்டு வைத்தால் வலி குறையுமா? தென் கொரியாவில் ஒரு நல்ல சோதனை செய்தார்கள். இரண்டு கால்களுக்கும் அறுவை சிகிச்சை தேவைப்பட்ட பெண்களுக்கு ஒரு காலில் வழக்கமான மூட்டு, மறு காலில் ‘பெண் மூட்டு’ வைத்தார்கள். 2010-ல் முடிவு வந்தது. வலி, நடை, மடக்கம் எதிலும் சொல்லிக்கொள்ளும் வேறுபாடு இல்லை. பெண் என்ற பெயர்ப்பலகை எந்த வேலையும் செய்யவில்லை. ஒவ்வொரு சைஸிலும் குறுகலானது ஒன்று, அகலமானது ஒன்று என்று வைத்தால், குறுகிய எலும்புள்ள ஆணும் அகன்ற எலும்புள்ள பெண்ணும் சேர்த்தே பயன்பெறுவார்கள். பிறகு வந்த சில வடிவமைப்புகள் அப்படியே செய்தன. சைஸுக்கு சைஸ் இடைவெளியை 2 மி.மீ. அளவுக்குக் குறைத்து, குறுகல் வகையையும் சேர்த்தார்கள். உருப்படியான தீர்வு அங்கே இருந்தது. அதற்கு இனத்தின் பெயரும் தேவைப்படவில்லை, பாலின் பெயரும் தேவைப்படவில்லை.

அடுத்தது ‘ஆசியர்களுக்கான அதிக மடக்கம்’. நாம் தரையில் உட்கார்கிறோம். சப்பணம் போடுகிறோம், குந்துகிறோம். மேற்கத்திய நோயாளி நாற்காலியிலிருந்து எழுந்தால் போதும் என்று நினைத்து வடிவமைத்த மூட்டு நமக்குப் போதாது. இது நியாயமான குறை. அதற்காக அதிகம் மடங்கும் மூட்டுகள் வந்தன. 2007-ல் தென் கொரியாவிலிருந்து ஓர் அறிக்கை வந்தது. அப்படிப்பட்ட ஒரு மூட்டை வைத்த 72 முழங்கால்களில் 27-ல், அதாவது 38 விழுக்காட்டில், மூன்று ஆண்டுக்குள்ளாகவே தொடை உறை தளர்ந்திருந்தது. யாருக்கு அதிகம் தளர்ந்தது? குந்தி உட்கார்ந்தவர்களுக்கு, மண்டியிட்டவர்களுக்கு, சப்பணம் போட்டவர்களுக்கு. எதற்காக விற்றார்களோ அதைச் செய்தவர்களுக்குத்தான் கெட்டுப்போனது. மற்ற சில மருத்துவமனைகள் இவ்வளவு மோசமான முடிவைக் காணவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் பாடம் தெளிவு. ‘உங்களுக்கென்றே செய்தது’ என்ற சொல்லுக்கு ஆதாரம் கேட்க வேண்டும். எத்தனை பேருக்கு வைத்தீர்கள், எத்தனை ஆண்டு தாங்கியது என்று கேட்க வேண்டும்.

பெயர்ப்பலகைக்கு விலையும் உண்டு. 2017 ஆகஸ்ட் மாதம் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் முழங்கால் மூட்டுகளுக்கு உச்ச விலை வைத்தது. பெரும்பாலானோருக்கு வைக்கப்படும் கோபால்ட் குரோமியம் மூட்டின் சராசரி விற்பனை விலை அதுவரை ரூ.1,58,324. அதை ரூ.54,720 ஆக்கினார்கள். அதிக மடக்கம் என்று பெயர் போட்டது ரூ.1,81,728-க்கு விற்றுக்கொண்டிருந்தது. அது ரூ.56,490 ஆனது. இரண்டு விலைக்கும் இடையே முன்பு இருந்த இருபத்து மூவாயிரம் ரூபாய் வேறுபாடு, கணக்குப் பார்த்தபோது இரண்டாயிரம் ரூபாய்க்கும் கீழே வந்துவிட்டது. மீதி இருபத்தோராயிரம் எதற்கு வாங்கினார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இனத்தைக் கணக்கிலிருந்து எடுத்தால் மருத்துவம் குழம்பிவிடும் என்று பயமுறுத்துவார்கள். குழம்பாது. அமெரிக்காவில் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்கிடும் சூத்திரத்தில் கறுப்பினத்தவருக்குத் தனிப் பெருக்கல் எண் ஒன்று இருந்தது. அதனால் அவர்களின் சிறுநீரகம் இருப்பதைவிட நன்றாக வேலை செய்வதாகக் காட்டும். மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில் தாமதமாகச் சேர்ந்தார்கள். 2021-ல் அங்குள்ள சிறுநீரக மருத்துவ அமைப்புகள் அந்த எண்ணை நீக்கி, இனம் இல்லாத சூத்திரத்தைப் பரிந்துரைத்தன. மருத்துவம் நின்றுவிடவில்லை. முழங்காலில் இது இன்னும் எளிது. எக்ஸ்ரே இருக்கிறது, அறுவை அரங்கில் அளவுகோல் இருக்கிறது. கண் முன்னால் எலும்பே இருக்கிறது.

அப்படியானால் நாம் என்ன கேட்க வேண்டும்?

முதலாவது, அரசு கொள்முதலில் அளவு வரம்பைக் கேட்க வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் நம் அரசு மருத்துவமனைகளில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடக்கிறது. கோடிக்கணக்கான ஏழை மக்களுக்கு அது பெரிய கதவு. அந்தக் கதவு வழியாக வருகிற மூட்டுப் பெட்டியில் மிகச் சிறிய அளவுகளும் குறுகல் வகையும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தப் புள்ளியிலேயே எழுத வேண்டும். எலும்பைச் சீவிய பிறகு பெட்டியில் அந்த சைஸ் இல்லையென்றால் எப்பேர்ப்பட்ட மருத்துவரும் இருப்பதில் ஒன்றைத்தான் வைக்க முடியும். விலை குறைவு என்பதற்காக நடுத்தர அளவுகளை மட்டும் வாங்கி வைத்தால், அந்தச் சேமிப்பை ஒரு கூலிப் பெண்ணின் முட்டி கட்டுகிறது.

இரண்டாவது, நோயாளியின் கையில் சான்று இருக்க வேண்டும். ஒவ்வொரு மூட்டோடும் அதன் பெயர், சைஸ், தொகுதி எண் அச்சிட்ட ஒட்டுச்சீட்டு வருகிறது. அது மருத்துவமனைக் கோப்பில் ஒட்டப்படுகிறது. வீட்டுக்குக் கொடுக்கும் தாளிலும் ஒட்டச் சொல்லுங்கள். கேட்டு வாங்குங்கள். உங்கள் உடம்புக்குள் இருப்பது என்னவென்று தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. அந்தச் சீட்டைக் குடும்ப அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, கட்டாயப் பதிவேடு வேண்டும். சுவீடன் 1975-லிருந்து முழங்கால் மூட்டு மாற்றுகளைப் பதிகிறது. இந்தியாவில் அறுவை மருத்துவர்களின் சங்கம் ஒரு பதிவேட்டை நடத்துகிறது. அதில் பதிவது விருப்பம் சார்ந்தது. பதிவேடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை இடுப்பு மூட்டில் பார்த்துவிட்டோம். ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். என்ற இடுப்பு மூட்டு பழுதானது என்பதை முன்கூட்டியே காட்டிக்கொடுத்ததில் ஆஸ்திரேலியாவின் பதிவேட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. 2010-ல் அது உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவில் ஏறத்தாழ 4,700 அறுவை சிகிச்சைகளில் அது வைக்கப்பட்டிருந்தது. அவர்களில் பெரும்பாலானோர் எங்கே இருக்கிறார்கள் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. நாளைக்கு ஒரு முழங்கால் மூட்டில் இது நடந்தால், நம் ஊர் அம்மாவை யார் தேடிப் போவார்கள்? அந்தப் பதிவேட்டில் உயரம், எடை, எலும்பளவு, தொழில், தரையில் உட்காரும் பழக்கம் எல்லாம் இருக்கட்டும். பத்தாண்டில் யாருக்கு எந்த சைஸ் பொருந்தவில்லை என்று நம்மிடமே கணக்கு வந்துவிடும்.

நான்காவது, மருத்துவரிடம் உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள். வீட்டில் மேற்கத்திய வகைக் கழிப்பறை உண்டா, பீடி சுற்றுகிறீர்களா, நடவுக்குப் போகிறீர்களா, மாடிப்படி எத்தனை ஏறுகிறீர்கள் என்று சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். எந்த மூட்டு, எவ்வளவு மடக்கம், பிறகு எதைத் தவிர்க்க வேண்டும் என்பதெல்லாம் அதைப் பொறுத்தது. ‘இந்தியர்’ என்ற ஒற்றைச் சொல்லில் இந்தத் தகவல் எதுவும் இல்லை. மாடிவீட்டில் மேசையில் சாப்பிடுகிற இந்தியரும், களத்து மேட்டில் குந்தி உட்கார்ந்து சாப்பிடுகிற இந்தியரும் முழங்காலை ஒரே மாதிரியா மடக்குகிறார்கள்?

கடைசியாக ஒன்று. மூட்டை மாற்றுவது கடைசிப் படி. முட்டி ஏன் தேய்கிறது என்பது முதல் படி. வயது, உடல் எடை, பழைய காயம் இவற்றோடு, காலம் முழுவதும் குந்தியும் மண்டியிட்டும் பாரம் தூக்கியும் செய்கிற வேலை முழங்காலைத் தேய்க்கிறது என்பது மருத்துவம் ஒப்புக்கொண்ட உண்மை. அந்த வேலைகளை யார் செய்கிறார்கள் என்பதை நான் இந்த மேடையில் விளக்க வேண்டியதில்லை. சேற்றில் குனிந்து நடவு செய்பவர், தலையில் கல் சுமந்து மாடி ஏறுபவர், தெருவைக் கூட்டிச் சாக்கடை வாருபவர். சாதி வேலையைப் பிரித்துக் கொடுத்தது, வேலை மூட்டைத் தேய்த்தது. சாதிக்கும் முழங்காலுக்கும் தொடர்பு உண்டென்றால் அது இந்த வழியாக வருகிற தொடர்பு. எலும்பின் வடிவத்தில் தேடினால் கிடைக்காது, கூலிப் பதிவேட்டில் தேடினால் கிடைக்கும்.

2021-ல் தமிழ்நாடு அரசு கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை பார்த்தவர்களுக்கு ஒரு நாற்காலி. அது மருத்துவச் சட்டம் அல்ல. ஆனால் கால்களுக்கு நல்லது செய்த சட்டம். அதே போலக் கட்டட வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் வயல் வேலைக்கும் குந்தாமல், சுமக்காமல் செய்யும் கருவிகளைக் கேட்போம். பள்ளியில் பிள்ளைக்கு முட்டை கேட்போம். இந்த இரண்டையும் கேட்டுக்கொண்டே, இன்று வலியோடு இருக்கும் நம் அம்மாவுக்கு அவருடைய எலும்பை அளந்து, அவருக்குச் சரியான சைஸ் மூட்டை வைக்கச் சொல்லிக் கேட்போம்.

அடுத்த முறை யாராவது ‘இது உங்கள் இனத்துக்கென்றே செய்தது’ என்று சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: என்னை அளந்தீர்களா?